முள் மாற்றிய கதை



பரிசளிப்பு விழா என்றாலே மேசை மேல் வண்ணத்தாள் சுற்றிய பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். பொட்டலத்தின் நீள அகலத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது பேனாவா, அகராதியா, சாப்பாட்டுப் பெட்டியா என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் பேனாதான் பெரிய பரிசு. இப்போது பேனா கிடைத்த பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று பேனா ஒரே பாக்கெட்டாகக் கடையில் தொங்குகிற காலம் இது. எழுதவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறோம். ஆனால் பேனா கெட்டுப்போனால் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஃபெரி ஏறி, கடல் தாண்டிப் போய்ப் பழுது பார்த்துக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. அதன் கடைசி நாட்களை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அதற்குக் காரணமாகவும் இருந்தேன்.

1999-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. தாத்தாவின் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கறுப்பு மைப்பேனா குத்தியிருக்கும். கிளிப்பில் இருந்த பெயர்கூடத் தேய்ந்துபோய்விட்ட பேனா. “அதைத் தொடாதே” என்று பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். சொன்னதனாலேயே தொட்டேன். புதுப் புத்தகத்தில் என் பெயரை அந்தப் பேனாவால் எழுதிப் பார்க்க ஆசை. மூடியைத் திருகியதும் கை வழுக்கியது. சிமெண்டுத் தரையில் முள் குத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் முள்ளின் இரண்டு இதழ்களில் ஒன்று மேலே ஏறி, கொக்கி போல வளைந்து நின்றது.

தாத்தா அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேனாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நாளைக்குப் பினாங்குக்குப் போவோம். நீயும் வா” என்றார். அதுதான் எனக்குத் தண்டனையாகத் தோன்றியது.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் அக்கரை சேர்ந்து, வெல்ட் கீ ஓரமாக நடந்தால் சூலியா தெருவின் கடல்பக்க வாயில் வந்துவிடும். (அந்தப் பழைய இரண்டடுக்குப் பெரிய ஃபெரிகள் 2020 இறுதியோடு நின்றுபோயின. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுபவை வேறு, சின்னவை. மாணவர்கள் தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.)

இந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியபின் வரைந்த முதல் சில தெருக்களில் இதுவும் ஒன்று. அந்த 1790-களின் வரைபடத்தில் இதற்கு மலபார் தெரு என்று பெயர். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை அன்று அழைத்த பெயர். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை என்று பல துறைகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் லைட் வருவதற்கு முன்பே கெடாவில் வாணிபம் செய்துகொண்டிருந்தவர்கள். சுமார் ஆயிரம் பேர் பினாங்கில் நிலைத்துவிட்டார்கள் என்று 1794-இல் லைட் தம் மேலிடத்துக்கு எழுதினார். ஆக, நம் பாட்டன் பூட்டன் இரப்பர் மரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே இந்தத் தெருவில் தமிழில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். நாகூர் தர்கா இந்தத் தெரு முனையில் இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் கோபுரம் கூப்பிடு தூரத்தில் தெரியும்.

கணக்கு எழுதினார்கள் என்றேன். எதைக் கொண்டு எழுதினார்கள்? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

கடைவீட்டு வரிசையின் அஞ்சடியில், தூணோரமாக, கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பேனாவும் பார்ப்பார். தாத்தாவை அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. “வாங்கண்ணே” என்று முக்காலியைத் தள்ளினார். “நானா, பேரப்பிள்ளை வேலை இது” என்று தாத்தா பேனாவை நீட்டினார். அவர் கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்தக் குழாய்க் கண்ணாடியை மாட்டி, முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு வழிதாண்ணே. ஒண்ணு நிமுத்தணும், இல்லாட்டி மாத்தணும்.”

இந்த ஒற்றை வாக்கியத்தில் எழுதுகோலின் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக்குப் போய், கற்பிக்கும் சாதனங்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் தேடித் தேடி அறிந்தேன்.

நம் பழைய எழுதுகோல் எழுத்தாணி. இரும்பு ஆணி. மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை உண்டு, ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் ஓலை நறுக்கும் கத்தி. பட்டறையும் கருவியும் ஒன்றே! ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. கருவி எப்படியோ அப்படித்தான் எழுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சூலியா தெருவில் வேறொரு எழுதுகோலும் இருந்தது. தமிழைச் சொல்லாகவும் அரபு எழுத்தை வரிவடிவாகவும் கொண்டு எழுதுவது அரபுத் தமிழ். நாணல் தண்டைச் சீவிச் செய்த கலம் கொண்டு மார்க்க நூல்களை எழுதினார்கள். நாணல் நுனி ஊறி நைந்துபோகும். கத்தியால் மறுபடி சாய்வாக நறுக்கி, நடுவே ஒரு பிளவு போட்டால் புதுக் கலம்.

ஐரோப்பியர் கையில் இருந்தது பறவை இறகு, பெரும்பாலும் வாத்திறகு. ‘பேனா’ என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழியில் இறகு என்று பொருள்படும். மலாய்க்காரர்கள் ‘பெனா’ என்பதும் அங்கிருந்து வந்ததே. இறகு நுனியும் தேயும், பிளவுபடும், அடிக்கடி சீவ வேண்டும். அதற்கென்று சின்னக் கத்தி ஒன்றை வைத்திருந்தார்கள். மாணவர்களே, உங்கள் தாத்தா பாக்கு வெட்டவும் கயிறு அறுக்கவும் மடியில் வைத்திருப்பாரே, அந்தச் சின்ன மடக்குக் கத்திக்கு ஏன் ‘பேனாக்கத்தி’ என்று பெயர் என்று யோசித்ததுண்டா? பேனா முள்ளைப் பழுது பார்த்த கத்தி அது. வேலை மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. 1816 அக்டோபர் 21-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டு, அங்கே தமிழும் கற்பிக்கப்பட்டதைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 2016-இல் இருநூறாண்டு விழா எடுத்துக் கொண்டாடினோம். ஐரோப்பியப் பள்ளிகளில் இறகைச் சீவி எழுதிய காலம் அது.

ஆக எழுத்தாணி, நாணல், இறகு மூன்றையும் எழுதுகிறவனே செப்பனிட்டுக்கொண்டான். எழுதத் தெரிந்தவன் என்றால் சீவத் தெரிந்தவன் என்றுதான் பொருள்.

இதை மாற்றியது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். 1820-களிலிருந்து அங்கே எஃகுத் தகட்டை இயந்திரத்தில் வெட்டி முள் செய்யத் தொடங்கினார்கள். ஜான் மிட்செல், ஜோசியா மேசன், ஜோசப் ஜில்லட் ஆகியோர் பெரிய பெயர்கள். தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தகட்டில் வில்லை வெட்டுவது ஒருத்தி, கண் போன்ற துளை போடுவது ஒருத்தி, பெயர் முத்திரை குத்துவது, வளைப்பது, பிளப்பது என்று ஒவ்வொரு முள்ளும் பல கைகள் மாறி வெளிவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் எழுதிய முள்ளில் பெரும்பகுதி அந்த ஒரு நகரத்துச் சரக்கு. கட்டையில் செருகி, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் முள் அது. விலை சொற்பம். ஆனால் ஒரு குறை. அந்தக் கால மையில் இரும்பும் புளிப்பும் இருக்கும். நம் ஊர்க் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சும் மையும் அதே குணந்தான். அது எஃகைத் தின்றுவிடும். முள் துருப்பிடித்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு முள் செருகினார்கள். எழுதுகோலைச் சீவும் பழக்கம் அத்தோடு போயிற்று. மாற்றுவது என்ற வழி அன்றுதான் பிறந்தது.

இந்தத் தொட்டெழுதும் பேனாவோடுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் வந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்த பள்ளியின் இலட்சணம் வேறு கதை. கிராணியார் ஆபீசில் பேனா இருந்தது. நம்மவர்களுக்குப் பெருவிரலும் மைத் திண்டும் இருந்தன.

மையைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும் பேனாவைச் சரியாக ஓட வைத்தவர் என்று அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மனைச் சொல்வார்கள். 1884-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் மை கொட்டி ஒரு வியாபாரம் கைநழுவியதால் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்றே ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள். அவர் செய்த உண்மையான காரியம் முள்ளுக்கு அடியில் இருக்கும் நாக்கில்தான் இருக்கிறது. மை வெளியே போகும்போது அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் மை நின்றுவிடும், அல்லது குபுக்கென்று கொட்டும். நாக்கில் மெல்லிய வரிப்பள்ளங்கள் போட்டு அவர் அதைச் சரிசெய்தார். அறிவியல் பாடத்தில் நுண்புழை ஏற்றம் படிக்கிறீர்களே, அதுதான். குறுகலான வழியில் நீர் தானே ஏறும். முள்ளின் பிளவு கண்ணிலிருந்து நுனி நோக்கிக் குறுகிக்கொண்டே போவதும் அதற்காகவே. நுனியில் பிளவு விரிந்துவிட்டால் மை பாதியிலேயே நின்றுவிடும்.

பேனா விலை கூடியதும் முள்ளும் விலை கூடியது. மை தின்னாத உலோகம் தங்கம், ஆனால் தங்கம் காகிதத்தில் உரசியே தேயும். அதனால் நுனியில் மட்டும் மிகக் கடினமான ஓர் உலோகத் துளியை ஒட்டினார்கள். இரிடியம் என்பது அது, 1803-இல் ஸ்மித்சன் டென்னன்ட் கண்டறிந்தது. (இப்போது வேறு கலவைகள் வந்துவிட்டாலும், பல முட்களில் இரிடியம் என்று பொறிப்பது நிற்கவில்லை.) தங்க முள்ளை யாராவது தூக்கி எறிவார்களா? மறுபடி நிமிர்த்தும் காலம் வந்தது. பேனா மருத்துவர்கள் தோன்றினார்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் 1920-களில் தொடங்கிய ஜெம் அண்ட் கம்பெனி பல தலைமுறைக்குப் பேனா விற்றும் பழுது பார்த்தும் பேர் வாங்கியது.

தங்க முள்ளுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் இருந்தவர்கள் எங்கே போவது? அவர்களுக்கு விடிவு தந்தது துருப்பிடிக்காத எஃகு. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை உருக்கியபோது பேனாவை நினைத்திருக்க மாட்டார். ஆனால் மைக்கு அசையாத, விலை மலிந்த முள் அதனால்தான் வந்தது.

இந்தியாவில் அது சுதேசிக் காரியமாகவும் ஆயிற்று. ஆந்திரத்து ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் என்பவர் உள்நாட்டிலேயே பேனா செய்தார். அந்தப் பேனாவைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தவர், தஞ்சாவூரில் பிறந்த நம் தமிழர் ஜே. சி. குமரப்பா. எழுதிப் பார்த்துவிட்டு, பேனா நன்றாக இருக்கிறதென்று 1935 ஜூலையில் காந்தியடிகள் ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார்.

அதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது சாத்தூர். வைப்பாற்றங்கரை ஊர், இன்றைய விருதுநகர் மாவட்டம். காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர் போனது. நம் தோட்டத்து மக்களில் சிலருடைய பூர்வீகம் அந்தச் சுற்றுவட்டாரம்தான். அங்கே பேனா முள் செய்வது குடிசைத் தொழிலாக வளர்ந்தது. பர்மிங்காமில் பெரிய ஆலைகள் செய்ததைச் சாத்தூரில் சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்தார்கள். தீப்பெட்டி ஒட்டிய ஊரிலேயே பேனா முள்ளும் பிறந்தது. இரண்டும் ஏழையின் சட்டைப் பையில் இருக்க வேண்டிய சாமான்கள். பின்னாளில் பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலை நசுக்கிவிட்டது.

இனி சூலியா தெரு அஞ்சடிக்குத் திரும்புவோம். தாத்தா முக்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“முதல்ல நிமுத்திப் பாருங்க நானா” என்றார் தாத்தா.

அந்த வேலையை நான் மறக்கவில்லை. முள்ளையும் நாக்கையும் சேர்த்து ஒரு துணியால் பற்றி, திருகாமல் நேராகக் கழுத்திலிருந்து உருவினார். தண்ணீரில் அலசினார். உலர்ந்த மை நீலமாகக் கரைந்து ஓடியது. கடினமான ஒரு மரத்துண்டின் வாய்க்கால் போன்ற பள்ளத்தில் முள்ளைக் கவிழ்த்து வைத்து, உருண்டை முனைப் பித்தளைக் கம்பியால் வளைந்த இடத்தை நீவினார். அழுத்தவில்லை, நீவினார். பாட்டி சுளுக்கு எடுப்பது மாதிரி. பத்துத் தரம் நீவியபின் ஒரு தரம் கண்ணாடியில் பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓர் இதழை மேலே, மற்றதைக் கீழே மெல்லத் தள்ளி இரண்டையும் சமமாக்கினார். பிளவில் ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை விட்டு உருவினார். பலர் இந்த இடத்தில் சவர பிளேடை நுழைத்துப் பிளவைக் கெடுத்துவிடுவார்களாம், “பிளேடு வெட்டுற சாமான், இது வெட்டுற வேலை இல்ல” என்றார் என்னிடம். மறுபடி மாட்டி, பழைய நோட்டுத் தாளில் எட்டு எட்டாகச் சுழித்துப் பார்த்தார்.

கீச்சென்று சத்தம் கேட்டது. தாள் கிழிந்தது.

கண்ணாடியை என் கண்ணில் வைத்துக் காட்டினார். ஓர் இதழின் நுனியில் உருண்டையாக ஒரு சிறு குமிழ் இருந்தது. மற்றதில் அது இல்லை. என் வீட்டுச் சிமெண்டுத் தரையில் எங்கோ கிடந்திருக்கும். வளைந்தால் நிமிர்த்தலாம், பிளவு விரிந்தால் சேர்க்கலாம், கரகரத்தால் மெருகேற்றலாம். நுனி போய்விட்டால் புது நுனி ஒட்ட வேண்டும். அது தங்க முள்ளுக்குச் செய்கிற வேலை. எஃகு முள்ளுக்கு அந்தக் கூலியில் பத்துப் புது முள் வாங்கலாம்.

அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நூறு முள்ளாவது இருக்கும். “ஊருக்குப் போனப்ப வாங்கியாந்தது, சாத்தூர் முள்ளு” என்று சிலவற்றைத் தாத்தா முன் பரப்பினார். அளவு ஒத்துவருவதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார். முள் மாறினால் நாக்கு அதனோடு ஒட்டி உட்காராது. சூடான தேத்தண்ணி டம்ளருக்குள் கழுத்தை ஒரு நிமிடம் பிடித்து, நாக்கு இளகியதும் விரலால் முள்ளோடு சேர்த்து அழுத்தினார். கூலி நாலு வெள்ளி.

நான் அழத் தொடங்கிவிட்டேன். தாத்தாவின் பேனா இனித் தாத்தாவின் பேனா இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தீப்பெட்டியை எடுத்தார். நான் ஒடித்த முள்ளை அதில் போட்டார். உள்ளே ஏற்கெனவே இரண்டு முட்கள் இருந்தன.

“நீ ஒடிச்சது மூணாவது முள்ளு. இது நாலாவது. எதுக்கு அழுவுற?”

அந்த முதல் முள்ளின் கதையை ஃபெரியில் திரும்பும்போது சொன்னார். 1958-இல் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் பினாங்கு வந்தவர், சூலியா தெருவில் இந்தப் பேனாவையும் வாங்கியிருக்கிறார். பால்மரம் வெட்டுகிறவனுக்கு மைப்பேனா எதற்கு என்று லயத்தில் சிரித்தார்களாம். தாத்தா தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமானால், மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டுமானால் எல்லாரும் அவரைத் தேடி வருவார்கள்.

பிறகு 1969 வந்தது. மே 13 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக அமலுக்கு வந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, விவரம் தெரியாமலும் பத்திரம் இல்லாமலும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தவித்துப்போனார்கள். ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இருக்க விரும்பியவர்களுக்கு ஃபாரம் ஒன்றே வழி. மனு, பிறப்புப் பத்திரத்துக்கு விண்ணப்பம், சத்தியப் பத்திரம் எல்லாம் எழுத வேண்டும். சொன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும். அந்த மாதங்களில் மரம் வெட்டி வந்து, குளித்து, மண்ணெண்ணெய் விளக்கில் நள்ளிரவு வரை தாத்தா எழுதினாராம். காசு வாங்கவில்லை, மை மட்டும் வாங்கித் தரச் சொன்னாராம். சிலருக்குக் கிடைத்தது. சிலருக்குக் கிடைக்கவில்லை. எழுதியும் கிடைக்காத ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றிவிட்டு வந்த நாளைப் பற்றித் தாத்தா ஒரு வரிக்கு மேல் பேசியதில்லை.

நுனியில் இரிடியம் இல்லாமல், எஃகையே மடித்துக் குமிழாக்கிய மலிவான முள் அது. அவ்வளவு எழுத்தை அது தாங்கவில்லை. 1970-இல் மறுபடி சூலியா தெருவுக்கு வந்து முதல் தடவை முள் மாற்றினார்.

இன்னும் கொஞ்சம் வரலாறு பாக்கி இருக்கிறது. நாங்கள் போன அந்த 1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பினாங்கில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1997-இல் நீக்கி, அதுவரை தவணை கொடுத்திருந்தார்கள். பழைய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு இருந்த சிறு தொழிலாளிகள் பலர் புத்தாண்டிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அந்தப் பழுது பார்ப்பவர் உட்கார்ந்திருந்த அஞ்சடிக்குச் சொந்தமான கடையும் கைமாறப் போவதாக அன்று தாத்தாவிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் புரியவில்லை. அடுத்த முறை போனபோது அந்தத் தூணோரம் காலியாக இருந்தது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. கட்டடங்களைக் காப்பாற்றிவிட்டார்கள், மெச்ச வேண்டியதே. பணம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன, இரவில் மீ கடைகளில் கூட்டம் அலைமோதும். பேனா முள் மாற்ற வேண்டுமென்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

பழியெல்லாம் வாடகை மேல் போடுவதும் நியாயமில்லை. பந்துமுனைப் பேனா அந்தத் தொழிலின் வேரை முன்பே அறுத்துவிட்டது. ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பிரோ 1938-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1945 அக்டோபரில் நியூயார்க்கில் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது விலை பன்னிரண்டரை டாலர். 1950-இல் பிரான்ஸில் பிக் கம்பெனி அதை மலிவாக்கியது. அதில் நிமிர்த்தவும் ஒன்றுமில்லை, மாற்றவும் ஒன்றுமில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மை கொட்டாத, கீழே விழுந்தாலும் கெடாத அந்த மலிவுப் பேனாதான் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் பேனாவைக் கொண்டுவந்து சேர்த்தது. மைப்பேனா காலத்தில் லயத்துக்கு ஒரு தாத்தாதான் இருந்தார். அதனால் நான் பந்துமுனைப் பேனாவைத் திட்டுவதில்லை.

ஆனாலும் மைப்பேனா வைத்திருக்கும் மாணவர்களுக்கு நாலு வார்த்தை. முள்ளைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள், பச்சைத் தண்ணீர் போதும். எழுதவில்லை என்றால் தரையில் தேய்க்காதீர்கள், முக்கால்வாசி நேரம் உலர்ந்த மைதான் அடைத்திருக்கும். அதைவிட முக்கியம், பேனாவை இரவல் கொடுக்காதீர்கள். இது கஞ்சத்தனம் அல்ல. ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு சாய்வில் பிடிக்கிறது, முள் அந்தச் சாய்வுக்கே தேய்கிறது. முள் வளைந்துவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள். பித்தளைக் கம்பியும் மரத்துண்டும் வைத்திருக்கிறேன். அவரைப் போல் வராது, ஆனால் இதுவரை நாலைந்து பேனாக்களை எழுத வைத்திருக்கிறேன். இரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன்.

தாத்தா இப்போது இல்லை. பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது, நாலாவது முள்ளோடு. தீப்பெட்டியை விழா அன்று என் வகுப்பறை மேசையில் ஒரு பூதக்கண்ணாடியோடு வைத்திருப்பேன், வந்து பாருங்கள். முதல் முள்ளின் நுனி இடப்பக்கம் சாய்வாகத் தேய்ந்து, எழுத்தாணிக் கூர் போல ஆகியிருப்பது தெரியும். 1969, 1970-இல் மைப்பேனாவால் எழுதிய மனுவின் நகல் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, ‘ழ’வின் வால் நீண்டு அடுத்த வரியைத் தொடும். அப்படி இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.